மழையில் இறங்கி நின்ற ஆறு பேருக்கு என்ன செய்வது?

சூரமங்கலம் தையல்
24 நவம்பர் 2024, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். தீபாவளித் தையல் முடிந்ததும் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள், மூன்று வாரம் கழித்து இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவுக்குக் கால் முறிந்துவிட்டது. ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்துவிட்டார், நன்றாகச் சாப்பிடுகிறார், கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒரு விஷயம் மனசை விட்டுப் போகவில்லை. அதைக் கேட்கத்தான் வந்தேன்.

நவம்பர் 9, சனிக்கிழமை. நாகலூரில் இருக்கிற அத்தையைப் பார்க்க அப்பாவும் நானும் ஸ்கூட்டரில் போயிருந்தோம். மூன்று மணிக்கே கிளம்பிவிடலாம் என்று இருந்தோம், அத்தை விடவில்லை. ஏற்காடு வந்து மலைப்பாதையில் இறங்கும்போது ஐந்து மணி தாண்டிவிட்டது, தூறலும் பிடித்துக்கொண்டது. பாதி மலை இறங்கியிருப்போம். ஒரு கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடித்தேன், பிடித்த மாதிரியே இல்லை. வண்டி சரிந்துவிட்டது. எனக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. அப்பாவின் வலது கால் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

போனில் சிக்னல் இல்லை. இரண்டு கார்கள் மெதுவாகப் பார்த்துவிட்டுப் போயின. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பயம் இருக்கும். அப்புறம் கீழேயிருந்து ஒரு பழைய ஜீப் ஏறி வந்தது. பின்னால் ஏழு பெண்கள். காப்பிப் பழம் எடுத்துவிட்டு மேலே ஊருக்குத் திரும்புகிறவர்கள். டிரைவர் தம்பி இறங்கி, வண்டியைத் தூக்கி ஓரமாக நிறுத்தினார். அந்தப் பெண்களில் வயதான ஒரு அம்மா அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, காலைத் தொடாமலே பார்த்தார். "நீட்டாதீங்க, அப்படியே இருக்கட்டும்" என்றார். ரோட்டோரம் கிடந்த இரண்டு குச்சிகளை எடுத்து, தன் இடுப்பில் பழம் போடக் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, காலோடு சேர்த்துக் கட்டினார். அவர் விரலெல்லாம் காப்பிப் பழச் சாறு காய்ந்து பிசுபிசுவென்று இருந்தது. அப்பாவின் வேட்டியில் அந்தக் கறை இன்னும் போகவில்லை.

ஜீப்பில் பின்னால் இரண்டு பக்கமும் பலகை. கால் நீட்டிப் படுக்க வைக்க வேண்டுமென்றால் ஒரு பலகை முழுசாக வேண்டும், நடுவிலும் ஆள் இருக்கக் கூடாது. யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆறு பேரும் தூக்குப் போசியை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிவிட்டார்கள். அந்த அம்மா மட்டும் ஏறி அப்பாவின் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டார். வளைவில்தான் திருப்ப இடம் இருக்கும் என்பதால் அங்கேயே ஜீப்பைத் திருப்பி, ஏற வந்த வண்டி எங்களுக்காகக் கீழே இறங்கியது. நான் திரும்பிப் பார்த்தேன். ஆறு பேரும் தலையில் யூரியா சாக்குக் கொங்காடையைப் போட்டுக்கொண்டு தடுப்புச் சுவரோரமாக வரிசையாக நின்றார்கள். இருட்டிக்கொண்டு வந்தது. பஸ் வந்ததா, நடந்தே போனார்களா, தெரியாது.

பெரியாஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வரும்வரை அந்த அம்மா கையை எடுக்கவில்லை. டிரைவர் தம்பியிடம் ஐந்நூறு ரூபாய் நீட்டினேன். "டீசலுக்காவது வெச்சுக்கங்க தம்பி" என்றேன். அவர் முகம் சட்டென்று மாறிவிட்டது. "வேணாங்க்கா" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார். பேர் கேட்கவில்லை. வண்டி நம்பர் பார்க்கவில்லை. அந்த அம்மாவின் கொங்காடை மட்டும் அப்பாவின் தலைமாட்டில் மடித்து வைத்தபடி எங்களோடு வந்துவிட்டது.

பணம் நீட்டியது தப்பா? அந்த ஆறு பேருக்கு நான் என்ன செய்ய முடியும்? ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை நான்.


அஞ்சு ரோடு
24 நவம்பர் 2024, இரவு 10.15

அக்கா, அப்பா தேறி வருவது சந்தோஷம். நீங்கள் பணம் கொடுத்தது தப்பே இல்லை. ஏறுகிற வண்டி இறங்கி, திரும்பவும் ஏற எவ்வளவு டீசல் ஆகும்? வண்டி அவருடையதா முதலாளியுடையதா என்றுகூடத் தெரியாது. நாமெல்லாம் "பெரிய மனசு" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம், மாசக் கடைசியில் அவர்தான் கணக்குச் சொல்ல வேண்டும். கண்டுபிடித்து ஆளுக்கு ஆயிரம் கொடுங்கள். கவரில் போட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்.


வார்டு அக்கா
25 நவம்பர் 2024, காலை 6.05

இருபது வருடமாக எலும்பு முறிவு வார்டில் வேலை பார்க்கிறேன். அந்த அம்மா செய்ததைப் படித்ததும் கை எடுத்துக் கும்பிடத் தோன்றியது. எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு, கூட வந்தவர்கள் காலை இழுத்து நேராக்கப் பார்த்திருப்பார்கள். முறிந்த எலும்பின் முனை உள்ளே ரத்தக் குழாயைக் கிழித்துவிடும். கிடந்த நிலையிலேயே, முறிவுக்கு மேலே ஒரு மூட்டும் கீழே ஒரு மூட்டும் அசையாமல் கட்டுவதுதான் முறை. குச்சி இல்லையென்றால் மடித்த செய்தித்தாளோ அட்டைப்பெட்டியோ போதும். கட்டிய பிறகு கால்விரல் சூடாக இருக்கிறதா, நிறம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே வர வேண்டும். அந்த அம்மா பாதத்தை மடியில் வைத்துக்கொண்டதில் அதுவும் நடந்திருக்கிறது. தண்ணீர், டீ எதுவும் கொடுக்கக் கூடாது, ஆபரேஷன் தள்ளிப்போகும்.

இன்னொன்று. பார்த்துவிட்டுப் போன அந்த இரண்டு கார்க்காரர்களைப் போலப் பயப்படுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்த்தவரை யாரும் பிடித்து வைக்க முடியாது. 2016இல் உச்ச நீதிமன்றம் வழிமுறைகளை உறுதிசெய்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் 134ஏ என்று தனிப் பிரிவே சேர்த்தார்கள். பேர், விலாசம் சொல்ல வேண்டுமென்று கட்டாயப்படுத்தக் கூடாது. நம் மாநிலத்தில் 2021 டிசம்பரிலிருந்து 'நம்மைக் காக்கும் 48' திட்டமும் இருக்கிறது. சாலை விபத்தென்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையில்கூடப் பணம் கட்டச் சொல்ல மாட்டார்கள். அடிபட்டவர் எந்த ஊர்க்காரர் என்று பார்ப்பதில்லை.


அம்மாபேட்டை தறி
25 நவம்பர் 2024, காலை 8.30

அம்மா, அப்பாவுக்கு ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுங்கள். கட்டு பிரித்ததும் புத்தூர் போய் எலும்பு வைத்தியரிடம் ஒரு தடவை காட்டினால் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.


வார்டு அக்கா
25 நவம்பர் 2024, காலை 8.52

ஐயா, சூப் தாராளமாகக் கொடுக்கட்டும். புத்தூர் வேண்டாம். உள்ளே பிளேட் வைத்திருக்கும் காலை யாரும் தேய்க்கவோ இழுக்கவோ கூடாது.


அடிவாரம் டிரைவர்
25 நவம்பர் 2024, பகல் 2.20

மதியச் சாப்பாட்டுக்கு வண்டியை ஒதுக்கிப் போட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அந்த டிரைவர் நான் இல்லை. ஆனால் பதினாறு வருடமாக இந்த இருபது வளைவிலும் ஏறி இறங்குகிறவன். அவர் முகம் ஏன் மாறியது என்று எனக்குத் தெரியும்ங்க்கா. நமக்குத் தினமும் கையில் வாங்குகிற காசு எல்லாம் சவாரிக் காசுதான். எவ்வளவு தூரம், எத்தனை ஆள், ராத்திரி என்றால் கொஞ்சம் சேர்த்து. ஆஸ்பத்திரி வாசலில் காசு வாங்கிவிட்டால் அதுவும் சவாரிக் கணக்கில் சேர்ந்துவிடும். வீட்டுக்குப் போய் "இன்னைக்கு ஒரு பெரியவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்" என்று சொல்ல முடியாது. நீங்கள் தப்பாகக் கொடுக்கவில்லை, அவரும் கோபமாகப் போகவில்லை. டீசலை அஞ்சு ரோடு தம்பி சொன்னார். வாஸ்தவம்தான், ஆனால் அதை நாங்கள் சமாளித்துவிடுவோம்.

முன்னேயெல்லாம் பயம்தான். அடிபட்டவரை ஏற்றி வந்தவனையே "நீதான இடிச்ச?" என்று கேட்டு ராத்திரி பன்னிரண்டு மணிவரை பெஞ்சில் உட்கார வைத்த காலமும் எனக்குத் தெரியும். எனக்கே நடந்திருக்கிறது. அதற்குப் பிறகும் நிறுத்தத்தான் செய்கிறேன். மலையில் நாம் நிறுத்தாவிட்டால் அடுத்த வண்டி எப்போது வரும் என்று நமக்கே தெரியுமில்லையா.

அப்புறம் ஒரு விஷயம், சடைந்துகொள்ளாமல் கேளுங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இரண்டு பேராக இந்த மலையில் இறங்காதீர்கள். கியர் வண்டி என்றால் இரண்டாவதில் போட்டால் என்ஜினே பிடித்துக்கொண்டு இறங்கும். ஸ்கூட்டரில் அந்தப் பிடிப்பு குறைவு, எல்லாப் பாரமும் பிரேக்கில்தான். பத்து வளைவு தாண்டுவதற்குள் சூடாகிப் பிடிக்காமல் போய்விடும். நீங்கள் சொன்ன "பிடித்த மாதிரியே இல்லை" அதுதான். வழியில் இரண்டு மூன்று இடத்தில் நிறுத்தி, பிரேக் ஆறவிட்டு இறங்க வேண்டும்.


சிவதாபுரம் கொலுசு
25 நவம்பர் 2024, இரவு 7.45

என் கதை ஒன்று சொல்லட்டுமா? பதினோரு வருடம் ஆகிறது. அப்போது பட்டறையிலிருந்து பற்றவைப்பு முடிந்த கொலுசுகளை மெருகு போடுகிற இடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. சலங்கை கட்டாத நாற்பது ஜோடி, மஞ்சப்பையில். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடையில் பையை வைத்துவிட்டு, பஸ்ஸைப் பார்த்ததும் ஓடி ஏறிவிட்டேன். செவ்வாப்பேட்டை வந்து இறங்கும்போதுதான் கை வெறுமையாக இருப்பது தெரிந்தது. என் ஒரு வருடச் சம்பளத்தைச் சேர்த்தாலும் ஈடுகட்ட முடியாத வெள்ளி. எப்படித் திரும்பி வந்தேன் என்று இன்றும் நினைவில்லை.

டீ மாஸ்டர் என்னைப் பார்த்ததும் எதுவும் சொல்லவில்லை. "என்ன பை? உள்ளே என்ன? எத்தனை?" என்று மூன்றே கேள்விதான். நாற்பது என்றேன். எட்டி, பால் பாய்லருக்கு மேலே சாமி படத்துக்குப் பின்னால் இருந்து எடுத்துக் கொடுத்தார். செய்தித்தாள் சுற்றிச் சணல் கட்டியிருந்தார். சட்டைப்பையில் இருந்த காசை எல்லாம் கொடுக்கிறேன் என்று அழுதேன். "டீக்குக் காசு குடுக்காம ஓடிட்ட, அதைக் குடு" என்றார். அப்போது டீ ஆறு ரூபாய்.

இன்றைக்கும் அந்தக் கடையில்தான் டீ குடிக்கிறேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. அவர் மகள் கல்யாணத்துக்குக் கூப்பிட்டார், போனேன். மொய் எழுதினேன், அதை வாங்கிக்கொண்டார். மொய் என்றால் வாங்குகிறார்கள், கவனியுங்கள். அஞ்சு ரோடு தம்பி சொல்கிற கவர் வேறு, இது வேறு.


அஞ்சு ரோடு
25 நவம்பர் 2024, இரவு 8.10

அண்ணா, நீங்கள் தினமும் போய் வரக்கூடிய டீக்கடை. அக்காவுக்கு அந்த ஆறு பேர் யாரென்றே தெரியாது. அவர்கள் கூலிக்குப் போகிறவர்கள். அடுத்த நாள் காய்ச்சல் வந்து படுத்திருந்தால் அன்றைய கூலி போயிருக்கும். அதைத்தான் நான் நினைக்கிறேன். டிரைவர் அண்ணா சொன்னது எனக்குப் புரிகிறது, ஆனால் மறுப்பது ஒருவர் விருப்பம், கேட்பது நம் கடமை.


நாகலூர் மிளகு
26 நவம்பர் 2024, காலை 7.00

அந்த ஆறு பேர் யாரென்று தெரியாது என்று சொல்லாதீர்கள். கண்டுபிடிக்கலாம், அதுவும் சுலபமாக.

காப்பிப் பழம் எல்லாம் ஒரே நாளில் பழுக்காது. ஒரே கொத்தில் பச்சையும் இருக்கும், மஞ்சளும் இருக்கும், சிவப்பும் இருக்கும். சிவந்ததை மட்டும் கிள்ளிவிட்டு, பத்துப் பதினைந்து நாள் கழித்துத் திரும்பவும் அதே செடிக்கு வர வேண்டும். இங்கே அராபிகாவுக்கு நவம்பரில் ஆரம்பித்தால் ஜனவரி வரை நாலைந்து சுற்று ஓடும். அதனால் ஒரு தோட்டத்துக்குப் போகிற ஆள்கள் பெரும்பாலும் சீசன் முடியும்வரை அதே ஆள்கள்தான், அதே ஜீப்தான். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்த காலம்தொட்டு பழம் எடுக்கிற வேலை கையால்தான், இன்னும் மாறவில்லை. பாதி மலையில் இருக்கிற தோட்டத்துக்கு மேலேயிருந்து ஆள் போகிற ஜீப் என்றால் இரண்டோ மூன்றோதான் இருக்கும். விசாரிக்கிறேன். பேரும் ஊரும் இங்கே எழுத மாட்டேன். உங்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்.

அந்த அம்மாக்களை எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை, அவர்களைப் போன்றவர்களோடு வளர்ந்தவன். பணம் கொடுத்தால் வாங்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். புடவை வாங்கிக்கொள்வார்கள்.


அம்மாபேட்டை தறி
26 நவம்பர் 2024, காலை 9.15

புடவை என்றால் ஏழும் ஒரே நிறம், ஒரே கரை. இல்லையென்றால் நீங்கள் வந்த பிறகு அங்கே மனவருத்தம் வரும். நாற்பது வருடமாகத் தறி ஓட்டுகிறவன் சொல்கிறேன்.


சூரமங்கலம் தையல்
26 நவம்பர் 2024, இரவு 10.30

நாகலூர் மிளகு அண்ணா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அடிவாரம் அண்ணா சொன்னதைப் படித்தபோது அழுகை வந்துவிட்டது. ஸ்கூட்டரை மெக்கானிக்கிடம் காட்டினேன். நீங்கள் சொன்னதையே சொன்னார்.

இன்று கடையைச் சாத்திவிட்டு அந்தக் கொங்காடையை எடுத்து விரித்துப் பார்த்தேன். யூரியா சாக்கின் அடி மூலை ஒன்றை இன்னொரு மூலைக்குள் தள்ளியிருக்கிறது, அவ்வளவுதான், அதுவே தொப்பி. மீதி முதுகில் தொங்கும். கத்தரியும் இல்லை, தையலும் இல்லை. தாடைக்குக் கீழே முடிச்சுப் போட மட்டும் புடவைக் கரையில் கிழித்த நாடா ஒன்றைக் கையால் தைத்திருக்கிறார். வலது தோள் பக்கம் சாக்கு நார் நாராகக் கிழிந்திருக்கிறது, செடிக்குள் நுழையும்போது கிளை பட்டுக் கிழிந்திருக்கும். அந்த ஓட்டை வழியாகத்தான் அன்றைக்கு அவருக்குத் தோள் நனைந்திருக்கிறது.

எனக்குத் தைக்கத் தெரியும். ஏழு கொங்காடை தைத்துக் கொடுத்தால் என்ன?


நாகலூர் மிளகு
26 நவம்பர் 2024, இரவு 10.41

தைத்துக் கொடுங்கள். கடையில் விற்கும் பிளாஸ்டிக் மழைக்கோட்டு காப்பிச் செடிக்குள் ஒரு நாள்கூடத் தாங்காது. கையும் முழுசாக மூடிவிடும், பழம் எடுக்க முடியாது. அதனால்தான் யாரும் போடுவதில்லை. தார்ப்பாய்த் துணி என்றால் தாங்கும்.


வார்டு அக்கா
3 டிசம்பர் 2024, இரவு 11.20

மலைமேல் இருக்கிறவர்கள் எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? பெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தாலும் மழை நம் பக்கம் கொட்டிவிட்டது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் என்கிறார்கள். ஏற்காட்டு மலைப்பாதையில் மண்சரிவு, போக்குவரத்து நிறுத்தம் என்று செய்தியில் பார்த்தேன். திருமணிமுத்தாற்றில் தண்ணீர் போகிற வேகத்தைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. நாகலூர் மிளகு தம்பி, ஒரு வரி போடுங்கள்.


சூரமங்கலம் தையல்
4 டிசம்பர் 2024, காலை 5.50

அத்தைக்குப் போன் போகவில்லை. அப்பா தூங்கவே இல்லை. அத்தையை நினைத்து மட்டுமில்லை, "அந்தப் பொம்பளைங்க வீடு எப்படி இருக்கோ" என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். துணி வாங்கி வைத்துவிட்டேன். கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, ராத்திரி முழுக்க வெட்டினேன்.


நாகலூர் மிளகு
6 டிசம்பர் 2024, மாலை 6.10

நன்றாக இருக்கிறோம். கரண்டு இல்லை, போனில் சார்ஜ் இல்லை, அதனால்தான் எழுத முடியவில்லை. தையல்கார அக்கா, உங்கள் அத்தை வீட்டுக்கு நேற்றே போய் வந்தேன். பால்காரர் சொல்லி வழி தெரிந்தது. ஓடு இரண்டு போயிருக்கிறது, ஆள் நலம். உங்களைத் திட்டச் சொன்னார், போன் எடுக்கவில்லையாம்.

ஜீப்பும் கிடைத்தது. மற்றதைத் தனியாக எழுதியிருக்கிறேன்.


அடிவாரம் டிரைவர்
6 டிசம்பர் 2024, இரவு 8.00

பாதை சரியாகட்டும். மண் எடுத்த இடம் இன்னும் கசிந்துகொண்டிருக்கிறது. மேலே போக வேண்டுமென்றால் சொல்லுங்கள் அக்கா, நானே கூட்டிக்கொண்டு போய்க் கொண்டுவந்து விடுகிறேன். இது சவாரிதான், காசு வாங்கிக்கொள்வேன்.


சூரமங்கலம் தையல்
19 ஜனவரி 2025, இரவு 9.15

பொங்கல் முடிந்து நேற்று போய் வந்தோம். அப்பா வாக்கரை வைத்துக்கொண்டு வந்தே தீருவேன் என்றார், அவரையும் முன் சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப்போனோம். அடிவாரம் அண்ணாதான் ஓட்டினார். அந்த வளைவு வந்ததும் அப்பா நிறுத்தச் சொன்னார். ஐந்து நிமிடம் அந்தத் தடுப்புச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், எதுவும் பேசவில்லை.

தைத்ததைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தார்ப்பாய்த் துணிக்கு என் மிஷினில் 16ஆம் நம்பர் ஊசி இரண்டு உடைந்தது, 18 போட்ட பிறகுதான் ஓடியது. ஊசி போன ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கும் என்பதால் தையல் மேலெல்லாம் மெழுகுவத்தியைத் தேய்த்து, சூடு குறைத்து வைத்த இஸ்திரிப் பெட்டியைத் தாள் வைத்து ஓட்டினேன். வலது தோளுக்கு மட்டும் இரட்டைத் துணி. உள்ளே பழைய காட்டன் புடவை வைத்து லைனிங். அம்மாபேட்டை ஐயா சொன்ன மாதிரி ஏழும் ஒரே நிறம், நீலம்.

தோட்டத்தில் எடை போடுகிற இடத்துக்குச் சாயங்காலம் நாலரைக்குப் போனோம். சாக்குச் சாக்காகப் பழத்தைத் தராசில் வைத்துக்கொண்டிருந்தார்கள். என்னை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அப்பாவைத்தான் தெரிந்தது. "ஏய், அந்தத் தாத்தாடி" என்று ஒருத்தர் கத்தினார். எல்லாரும் தராசை விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். வேட்டியை முழங்கால்வரை தூக்கச் சொல்லித் தழும்பைப் பார்த்தார்கள். அந்த அம்மா குனிந்து கால்விரலைத் தொட்டுப் பார்த்தார், அன்றைக்குச் செய்த மாதிரியே.

அன்றைக்கு ராத்திரி என்ன ஆனது என்று கேட்டேன். முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறார்கள். பஸ் வரவில்லை. சரி, நடப்போம் என்று நான்கு வளைவு ஏறிய பிறகு பின்னாலேயே பஸ் வந்திருக்கிறது. வீட்டுக்குப் போக எட்டரை ஆகியிருக்கிறது. அதில் ஒருத்தருக்குக் கைக்குழந்தை, பால் கட்டிக்கொண்டு நடந்திருக்கிறார். அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சொல்ல வேண்டும் என்று இரண்டு மாதமாக வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை.

டிரைவர் தம்பியையும் பார்த்தேன். பணம் பற்றி நான் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. அத்தை கொடுத்துவிட்ட முறுக்கை வாங்கிக்கொண்டார், "வீட்ல குடுத்துடறேன்கா" என்றார்.

கொங்காடையை அங்கேயே எல்லாரும் போட்டுப் பார்த்தார்கள். அந்த அம்மா மட்டும் போட்டுக்கொண்டு நேராகச் செடிக்குள் போய், குனிந்து, கை நீட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "கண்ணு, நல்லாத்தான் இருக்கு. ஆனா இடுப்புல மடித்துணி கட்டுனா முன்னாடி இடிக்குது. இங்க ஒரு சாண் வெட்டி விடு" என்று விரலால் கோடு போட்டுக் காட்டினார். இன்னொருத்தருக்குத் தொப்பி பெரிசு, கண்ணை மறைக்கிறது.

இரண்டையும் திருத்தக் கொண்டுவந்திருக்கிறேன். அவருடைய பழைய சாக்குக் கொங்காடையைத் திருப்பிக் கொடுத்தேன், அதுவரைக்கும் அது இருக்கட்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டார்.


வார்டு அக்கா
19 ஜனவரி 2025, இரவு 9.50

அப்பாவின் எக்ஸ்ரேயை அடுத்த வாரம் மறக்காமல் எடுத்து வாருங்கள். நான் வியாழக்கிழமை பகல் டியூட்டி.


நாகலூர் மிளகு
20 ஜனவரி 2025, காலை 6.30

அடுத்து மிளகு பறிப்பு. ஏணியில் ஏறும்போது முதுகில் தொங்குகிற நீளம் காலில் மாட்டும் அக்கா, அந்த இரண்டிலும் நீளத்தையும் கொஞ்சம் பாருங்கள். முழங்காலுக்கு ஒரு முழம் மேலே இருந்தால் சரியாக இருக்கும்.


சூரமங்கலம் தையல்
20 ஜனவரி 2025, காலை 7.10

சரி அண்ணா. அப்படியானால் ஏழையும் திருப்பி வாங்கிக்கொண்டு வர வேண்டும். அடிவாரம் அண்ணா, வருகிற ஞாயிறு வண்டி இருக்குமா?